கூப்பிடாமல் வந்த கோடாலிகள்

கடையிலிருந்து திரும்பிய ஹால்வார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

முற்றத்தில், ஜூன் மாத வெயிலில், அக்கம்பக்கத்தார் பிர்ச் மரக் கட்டைகளைப் பிளந்து சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு வழக்கம். வரும் குளிர்காலத்தில் கோடாலி தூக்க ஆளிருக்காது என்று தெரிந்த வீட்டுக்குத்தான் கூப்பிடாமல் வந்து விறகு பிளப்பார்கள்.

அப்படியென்றால், ஒரு மாதமாக அவரை விடாத இந்த இருமல்...?

போன வாரம்தான் அவரும் மனைவி சிக்ரூனும் ஆஸ்பத்திரிக்குப் போய் உடம்பைக் காட்டிவிட்டு வந்தார்கள். "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று டாக்டர் அவர் முதுகில் தட்டினார். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் சிக்ரூன் வாயே திறக்கவில்லை.

ஊருக்கே தெரிந்திருக்கிறது. அவரிடம் மட்டும் மறைத்துவிட்டார்கள்!

விறகு பிளந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு ஓஸ்முன்னிடம் போனார்.

"மறைக்காம சொல்லுடா. எனக்கு இன்னும் எத்தனை நாள்?"

"உனக்கென்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கே."

"யாருகிட்ட கதை விடற? பின்ன எதுக்கு என் வீட்டுக்கு விறகு பிளக்கறீங்க?"

ஓஸ்முன் கோடாலியைக் கீழே வைத்தான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஹால்வார், என்னிக்காவது நீ கோடாலியைத் தொட்டிருக்கியா? இத்தனை வருஷமா இந்த வீட்டு விறகை யாரு பிளந்தா?"

ஹால்வார் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

சமையலறைச் சன்னல் திறந்தது. விறகடுக்கின் மறைவில் நின்றவரை சிக்ரூன் கவனிக்கவில்லை.

"மேல் வரிசையில பட்டை மேல பார்த்தாப்ல வைங்கப்பா, மழைத்தண்ணி இறங்கிடாம. பின்னால எடுத்து அடுக்க அவருக்குத் தெரியாது."