எந்த நாளிலிருந்து ஆறு மாதம்?

மார்லிஸ் மறுபடியும் கையைத் தூக்கினாள். ஊர் நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்திருந்த பதினாறு பேரில் பாதிப் பேர் பெருமூச்சு விட்டார்கள். அரை மணி நேரத்தில் இது அவளுடைய ஐந்தாவது கேள்வி.

“மன்னிச்சுக்குங்க, எனக்கு மண்டையில ஏறல. அதான் வயசானவங்களுக்குக் கவர்மென்டே மெடிகேர் காப்பீடு குடுக்குதே, அதுக்கு மேல எதுக்கு ஒரு துணைக் காப்பீடு?”

மெடிகேர் பற்றி வகுப்பெடுத்த ரோண்டா கொஞ்சமும் சலித்துக்கொள்ளவில்லை. “டாக்டர் பில்லுல நூத்துக்கு எண்பதத்தான் மெடிகேர் பாத்துக்கும். மிச்ச இருபது உங்க தலையில. அதுக்கு உச்சவரம்பே கிடையாது. சளிக்கும் இருபது, இதய ஆபரேஷனுக்கும் இருபது. அதத் தாங்கிக்கத்தான் துணைக் காப்பீடு.”

பக்கத்து நாற்காலியில் இருந்த லோவல் குபிசெக், இது தெரிந்த விஷயம்தானே என்பதுபோல் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே, கையேட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த தாளில் ‘உச்சவரம்பு இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் அவர் முப்பத்தெட்டு வருடம் கணக்கு வாத்தியார். போன மே மாதம்தான் ஓய்வு பெற்றார், அறுபத்தாறு வயதில். ஆகஸ்டில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். காப்பீட்டுக் கம்பெனிகள் அனுப்பிய தாள்களை மூன்று தடவை படித்தும் ஒரு வரி விளங்கவில்லை. அதை மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை.

முன்வரிசையிலிருந்து முடிவெட்டும் டேல் திரும்பிப் பார்த்தார். “என்ன வாத்தியாரே, உங்களுக்காவது புரியுதா?”

“இதுல என்ன இருக்கு டேல், சாதாரணக் கூட்டல் கழித்தல்.”

மார்லிஸின் கை மறுபடி மேலே போயிற்று. “துணைக் காப்பீட்டுல இந்தக் கம்பெனியும் ஜி திட்டம்ங்குது, அந்தக் கம்பெனியும் ஜி திட்டம்ங்குது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“பலன்ல ஒண்ணுமில்ல. எழுத்து ஒண்ணுன்னா பலனும் ஒண்ணுதான். விலைதான் ஆளுக்கு ஆள் வேற.”

லோவல் அதையும் எழுதிக்கொண்டார். ஓரக்கண்ணால் பார்த்தால், மார்லிஸின் தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. எழுதினாலாவது ஏறும், என்று நினைத்துக்கொண்டார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு,” என்றாள் அவள். “ஆறு மாசத்துக்குள்ள வாங்கினா, என்ன வியாதி இருந்தாலும் கம்பெனி மாட்டேங்க முடியாதுன்னீங்க. எந்த நாள்லேர்ந்து ஆறு மாசம்?”

லோவலுக்கு என்ன தோன்றியதோ, சத்தமாகச் சொல்லிவிட்டார். “அப்படியே காலண்டர் எப்படிப் பாக்கறதுன்னும் கேட்டுருங்க. அதுக்குத் தனியா ஒரு வகுப்பு வச்சிருவாங்க.”

அறையே சிரித்தது. டேல் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். மார்லிஸ் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, மறுபடி அதையே கேட்டாள். “எந்த நாள்லேர்ந்து?”

ரோண்டா நிதானமாகச் சொன்னாள். “அறுபத்தஞ்சு தாண்டினவங்களுக்கு, மெடிகேர்ல டாக்டர் செலவுக்கான பி பிரிவு எந்த மாசம் ஆரம்பிச்சுதோ, அந்த மாசம் ஒண்ணாந்தேதிலேர்ந்து. டிவியில சொல்ற டிசம்பர் ஏழுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அது வேற கெடு. ஆறு மாசம் தாண்டிருச்சுன்னா கம்பெனி உங்க உடம்பப் பத்தி விசாரிக்கும். இதயத்துல ஸ்டென்ட் இருக்குன்னு சொன்னா, கைய விரிச்சிருவான்.”

லோவல் கையேட்டுக்கு அடியில் விரல்விட்டு எண்ணினார். அவருக்கு பி பிரிவு தொடங்கியது ஜூனில். ஜூன், ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர், நவம்பர். இன்றைக்கு நவம்பர் பதினெட்டு. இன்னும் பன்னிரண்டு நாள்.

சமையலறைக் காலண்டரில் டிசம்பர் ஏழைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருப்பது அவர்தான்.

முப்பத்தெட்டு வருடமும் வகுப்பில் இதே மாதிரி ஒரு வார்த்தை சொல்லித்தான் சிரிக்க வைத்திருக்கிறார். அதற்கப்புறம் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைகள் கையைத் தூக்கியதே இல்லை. வகுப்பு சீக்கிரம் முடிகிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.

கூட்டம் கலைந்தது. “பிரமாதம் வாத்தியாரே,” என்று டேல் தோளைத் தட்டிவிட்டுப் போனார். லோவலால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்தார்.

மார்லிஸ் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரும் இரண்டு நாற்காலிகளை மடக்கினார். மூன்றாவதை மடக்கும்போதுதான் வாய் வந்தது.

“நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க. நீங்க கேட்டது அத்தனையும் நான் கேட்டிருக்க வேண்டியது. கணக்கு வாத்தியாரு போய் இதக் கேக்கறதான்னு வாய மூடிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. நீங்க கேக்கலைன்னா கெடு தாண்டிப் போயிருக்கும்.”

“பன்னெண்டு நாள் தாராளம்,” என்றாள் மார்லிஸ். “நாளைக்குக் காலையில முதல் வேலையா விண்ணப்பத்த எழுதிருங்க.”

அவள் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாதது அவரை இன்னும் குறுக வைத்தது. ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. எழுதி வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார்.

“எல்லாத்தையும் குறிச்சு வச்சிருக்கேன். உங்களுக்கு இன்னும் பிடிபடலைன்னா, நாளைக்கு இங்கயே வாங்க. நான் பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லித் தர்றேன்.”

மார்லிஸ் தாளை வாங்கிப் படித்தாள். ஒரு இடத்தில் பேனாவால் திருத்தினாள். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

“நாளைக்குப் பக்கத்து ஊர்ல நான்தான் வகுப்பு எடுக்கறேன், கேள்வி கேக்கறது ரோண்டாவோட முறை.”