பெப்பர்மின்ட் சோதனை

"ஆறு மாசமா இந்தப் பேட்டையில எந்த வீட்டுச் சாக்கடைக் குழாய்லயும் ஓட்டையே இல்லைன்னு எழுதியிருக்கியாமே டட்டில்? அதான் இன்னைக்கு உன் மூக்கைச் சோதிக்க நானே வந்தேன்," என்றார் சுகாதார அதிகாரி டாக்டர் கிரிம்ஷா. "இந்த வீட்டுல எந்த அறையில வாசனை வருதுன்னு சொல்லு. தப்பாச் சொன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

லண்டன் பெர்மாண்ட்சியின் சாக்கடை இன்ஸ்பெக்டர் டட்டில். ஆனால் அவருடைய மூக்கு, போன குளிர்காலத்துச் சளியோடு செத்துப்போயிருந்தது. இதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மோப்பம் தெரியாத இன்ஸ்பெக்டரை யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்? வீட்டில் சாப்பிட ஐந்து வாய்கள் வேறு.

சோதனை எளிதுதான். சாக்கடைத் தொழிலாளி ஓபட் கூரைமேல் ஏறி, அங்கே வந்து முடியும் சாக்கடைக் குழாயின் வாயில் பெப்பர்மின்ட் எண்ணெயை ஊற்றுவான். வீட்டுக்குள் எங்கே வாசனை வருகிறதோ, அங்கே குழாயில் ஓட்டை.

டட்டில் சமையலறையை முகர்ந்தார். படிக்கட்டுக்கு அடியில் முகர்ந்தார். பூனையைக்கூட முகர்ந்து பார்த்தார். கடைசியில் குருட்டாம்போக்கில் மாடி அறையின் மூலையைக் காட்டினார்.

"இங்கதான் சார்."

வீட்டுக்காரி திருமதி லாம்லி உடனே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஆமா டாக்டர், எனக்குத் தலையே சுத்துது. எங்க வம்சத்துக்கே மூக்கு ரொம்பக் கூர்மை."

டாக்டர் விட்டுக்கொடுப்பாரா?

"வாசப்படி ஏறும்போதே நான் கண்டுபிடிச்சுட்டேன் மேடம். இவன் வாயால வரட்டும்னுதான் பேசாம இருந்தேன். என்ன நெடி! கண்ணுல தண்ணி வருது பாருங்க."

உண்மையிலேயே வந்தது.

அப்போது ஜன்னலுக்கு வெளியே, கூரையிலிருந்து ஓபட்டின் தலை தலைகீழாகத் தொங்கியது.

"டாக்டர் ஐயா, பாட்டிலை இன்னும் திறக்கலை. ஊத்தலாமா?"

திருமதி லாம்லிக்கு அடுப்பில் வைத்த தேநீர் ஞாபகம் வந்தது. டாக்டருக்கு வேறொரு தெருவில் அவசர வேலை வந்துவிட்டது.

"நீ உன் வேலையைப் பாரு டட்டில்," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தெருவுக்கு வந்ததும் டட்டில் ஓபட்டிடம் கேட்டார்: "ஏன்யா ஊத்தலை? மூடி இறுகிடுச்சா?"

"மூடிக்கு ஒண்ணுமில்லை ஐயா. போன வாரம் ஊசிப்போன விலாங்கு மீனை நீங்க ருசிச்சுச் சாப்பிட்டப்பவே எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு," என்றான் ஓபட். "ஊத்தியிருந்தா உங்க மூக்கு ஒண்ணுதான் மாட்டியிருக்கும். ஊத்தலைன்னா எல்லார் மூக்கும் மாட்டுமே."