தலைமாட்டுச் சந்து

"பாஸ், ஒரு சந்து விடாம அடைச்சிருங்க. அந்தாளு வீட்டுச் சத்தம் ஒரு பொட்டு இங்க வரக் கூடாது."

மேசன் டக்ளஸ் பழைய ஸ்குரூ டிரைவரை வைத்துச் செங்கல்லுக்கு நடுவில் இருந்த சாந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சாந்தா அது? தொட்டால் தவிடு மாதிரிக் கொட்டியது. ஓர் இடத்தில் ஸ்குரூ டிரைவர் பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது.

"அடைக்கச் சொன்னா நீங்க தோண்டுறீங்களே!" என்றாள் ஜெயந்தினி.

"மாவாப் போனத எடுக்காம மேல பூசினா ரெண்டு மாசம் தாங்காது தங்கச்சி. ஒரு அங்குலமாவது சுரண்டணும், தண்ணி அடிக்கணும், பிறகுதான் புதுச் சாந்து. நீங்க ஒரு தேத்தண்ணி ஊத்துங்க. என் வேலைய நான் பாக்கிறேன்."

அவள் அவசரம் அவளுக்கு. புருசன் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் ஒன்றில் அவள் ஒற்றை ஆள். சுவருக்கு அந்தப் பக்கம் வீரய்யா, அவரும் ஒற்றை ஆள்தான். ஐம்பது வயசிருக்கும். மேல் டிவிசனிலிருந்து வந்து ஆறு மாதமாகிறது, ஒருத்தரோடும் பேச்சு வார்த்தை கிடையாது. வேலைக்கும் போவதில்லை. ஆனால் மூன்று மாதமாக விடிய நாலரை மணிக்கு ரேடியோவைப் போட்டு அலறவிடுகிறார். அதுவும் சுவரோடு ஒட்டி, சரியாக இவள் தலைமாட்டில்.

ஒரு நாள் அவர் வாசலிலேயே போய் நின்று கத்தினாள். மனுசன் சிரித்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மறுநாள் சத்தம் இரண்டு மடங்கு.

"வேல வெட்டி இல்லாதவருக்கு விடியக்காலையில என்ன பாட்டு? வேலைக்குப் போறவ தூங்க வேணாமா?"

வேலை என்றால் சும்மா இல்லை. கொழுந்து பறிக்கச் சேர்ந்து நாலு மாதம், இன்னும் நாள் கூலிக்குக் கைக்காசு ஆள்தான். இந்த மாதக் கடைசியில் நிரந்தரமாகப் பேர் பதிவதாகச் சொல்லியிருந்தார்கள். சேர்ந்த புதிதில் இரண்டு நாள், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்திப் போய், அப்படியே வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். "இன்னொரு தடவ லேட்டானா இந்தப் பக்கமே வராத" என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். போனில் அலாரம் வைத்தால் தூக்கத்திலேயே அமர்த்திவிட்டுப் படுத்துக்கொள்கிற ஆள் அவள்.

அதெல்லாம் அப்போது. இப்போது பெரட்டில் முதல் ஆள் அவள்தான். தானாகவே எழும்பப் பழகிவிட்டதாம். அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அந்தப் பக்கச் சுவரையும் பார்க்கப் போன டக்ளஸ், கரண்டியும் கையுமாகத் திரும்பி வந்தார்.

"அந்தாளு ஒரு மாதிரி தங்கச்சி. நான் என்ன கேட்டாலும் பதில் இல்ல. ஒரே பேச்சா, 'இந்த ஒரு சந்த மட்டும் விட்டுரு தம்பி'ங்கிறாரு."

"எந்தச் சந்த?"

டக்ளஸ் சங்கடத்தோடு காட்டினார். அவள் தலையணைக்கு மேலே, விரல் நுழைகிற அளவு.

வேடிக்கை பார்க்க வந்த அடுத்த காம்பரா நாகலெட்சுமி அக்கா வாயில் கையை வைத்தாள். "அடி ஆத்தே! தனியாப் பொம்பள படுக்கிற எடத்துக்கு அந்தாளுக்குச் சந்து கேக்குதா?"

ஜெயந்தினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே போய் அவர் வாசலில் நின்றாள்.

"ஒனக்கு வெக்கமா இல்ல? தோட்டத்துத் தலைவரக் கூப்பிட்டு மானத்த வாங்கட்டுமா?"

வீரய்யா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பார்வையப் பாரு!" என்றாள் பின்னால் நின்ற நாகலெட்சுமி.

அந்தச் சந்துக்கு மட்டும் ஜெயந்தினி டக்ளஸை விடவில்லை. தானே சாந்தை அள்ளி, கட்டை விரலால் குத்திக் குத்தி அடைத்தாள்.

மறுநாள் காலை. கதவு உடைகிற மாதிரித் தட்டு.

பதறி எழும்பித் திறந்தாள். வெளியே பனிமூட்டத்தில் வெளிச்சம் வந்திருந்தது. வீரய்யா தலையில் கம்பளியும் நெஞ்சோடு அணைத்த ரேடியோவுமாக நின்றார். ரேடியோ காது கிழியப் பாடிக்கொண்டிருந்தது.

"மணி ஆறே கால் புள்ள! பெரட்டுக்கு ஓடு!"

போனைப் பார்த்தாள். அலாரம் எப்போதோ அடித்து, எப்போதோ அமர்ந்திருந்தது. இப்போது ஓடினால் பிடித்துவிடலாம்.

"கதவத் தட்டக் கூடாதுன்னுதான் இத்தன நாளா இதப் போட்டேன்," என்றார் அவர். "தனியா இருக்கிற புள்ள வீட்டுக் கதவ விடியக்காலையில ஒரு ஆம்பள தட்டினா லயத்துல என்ன பேசுவாங்க? ஆனா நீ அன்னைக்கு ரெண்டு நாளும் பெரட்டுலருந்து அழுதுக்கிட்டே வந்தியே. பாத்தேனே."

நாகலெட்சுமி வீட்டுக் கதவு திறந்தது. திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.

"மாமா... நான் தெரியாம..." என்றாள் ஜெயந்தினி.

வீரய்யா அவள் வாயையே பார்த்தார். பிறகு ரேடியோவை அவள் பக்கம் நீட்டினார்.

"நீ பேசறது ஒண்ணும் வெளங்கல புள்ள. பெக்டரி மெசினுக்குப் பக்கத்துல நின்னு நின்னு காது சுத்தமாப் போயி அஞ்சு வருசம். நீயே சொல்லு, இது பாடுதா, இல்ல பெட்டரி முடிஞ்சிருச்சா?"