எட்டுக்கு மேல்

இன்னும் கிட்ட வந்து உட்காருங்க, இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. ஒரு கல்யாணக் கச்சேரியில் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்று அலறிக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்த ஸ்பீக்கரில், அதிர்ந்து ஒலி எழுப்பும் காகிதத்துக்கு ஓரத்தில் மயிரிழை போல ஒரு கிழிசல். டிரம்ஸ் சத்தம் ஏற ஏற, கிட்டார்காரரும் வால்யூமை ஏற்றிக்கொண்டே போனார். காகிதம் வால்யூம் குமிழைக் கூப்பிட்டது.

“வால்யூம் அண்ணே, இப்பவே எட்டுல நிக்கிறீங்க. இதுக்கு மேல போனா நான் ரெண்டாக் கிழிஞ்சிருவேன்.”

“நானா போறேன் தாயி? அவர் திருப்புறார், நான் திரும்புறேன்,” என்றது வால்யூம் குமிழ்.

பக்கத்திலிருந்த எக்கோ குமிழ் சிரித்தது. “நீ கிழிஞ்சா வேற ஒண்ணு மாட்டுவாங்க. உனக்காக யாரு கச்சேரியை நிறுத்தப்போறா?”

காகிதத்தின் நடுக்கம் பலகை வழியாக வால்யூம் குமிழுக்கு வந்து சேர்ந்தது.

டிரம்ஸ் மறுபடி இடித்தது. கிட்டார்காரரின் விரல்கள் குமிழை நோக்கி வந்தன. வால்யூம் குமிழ் தன்னை உள்தண்டோடு பிணைத்திருந்த சின்னத் திருகாணியை மெல்லத் தளர்த்தியது. விரல்கள் திருகியபோது, உள்ளே தண்டு எட்டிலேயே நிற்க, குமிழ் மட்டும் சுற்றியது; சத்தம் கொஞ்சமும் கூடவில்லை.

“ஆங், இப்பத்தான் சத்தம் எடுக்குது,” என்று கிட்டார்காரர் திருப்தியாகத் தலையாட்டினார்.

குமிழ் பத்தைக் காட்டிக்கொண்டு, முழுப் பலத்தோடு முக்குவதுபோல விறைத்து நின்றது.