வலது மேல் மூலை

“புதுசா சேர்ந்த பொண்ணு மூணே மாசத்துல அஞ்சு அபூர்வ நட்சத்திரம் பிடிச்சிடுச்சு சார்!” என்றார் எங்கள் வானாய்வகத்து டெக்னீஷியன், தானே பிடித்தது போல.

எனக்கு வயிறு எரிந்தது.

கோளக் கொத்து ஒன்றில் லட்சம் நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். குறிப்பிட்ட ஃபில்டர் வழியாகப் படம் எடுத்தால், வேதிக் கலவை மாறுபட்டவை மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். இதில் என்ன பெரிய வித்தை? இதற்குப் போய் மாலையில் பாராட்டுக் கூட்டமாம்!

அவளுடைய படங்களைக் குடைந்தேன். ஐந்து நட்சத்திரங்களும் வலது மேல் மூலையிலேயே இருந்தன. ஓடிப்போய்த் தொலைநோக்கியிலிருந்து ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு மூலையில் பூச்சு திட்டாகக் கறுத்திருந்தது.

கூட்டத்தில் அதை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினேன். “அபூர்வமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எல்லாம் இந்தத் திட்டு பண்ற வேலை!”

டைரக்டர் முகம் சுருங்கியது. “இது எப்போலேர்ந்து இப்படி இருக்கு?”

“வாங்கினப்பவே இருந்தது சார். பன்னிரண்டு வருஷமாச்சு. சின்னதுதானேன்னு யாரும் கண்டுக்கல” என்றார் டெக்னீஷியன்.

அந்தப் பெண் எழுந்தாள். நன்றியுரைக்காக எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“மன்னிச்சிடுங்க சார். நீங்க கண்டுபிடிச்சு விருது வாங்கின ஏழு நட்சத்திரமும் இதே ஃபில்டர்ல, இதே மூலையிலதானே கிடைச்சுது? அதை நம்பித்தான் நானும் அங்கேயே தேடினேன்.”

தூக்கிய கையை நான் இன்னும் இறக்கவில்லை.