கல்யாண உடம்பு

அண்ணன் மனைவி அஃப்ரியே குடித்த கோப்பையைக் கோனாடு இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"பைத்தியத்துக்கு மாத்திரை திங்கிறவங்க எச்சில் எனக்கு ஆகாது அண்ணி. அந்த மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டு சர்ச்சுக்கு வாங்க."

மனச்சோர்வுக்கான அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அஃப்ரியேவை டாக்டர் எச்சரித்திருந்தார். இந்த மாதமும் அது பாதியிலேயே தீர்ந்துவிட்டது. மாத்திரை இல்லாமல் தலை சுற்றியது. இவள்தான் எடுத்துக் குப்பையில் எறிகிறாள், வேறு யார்?

மறுநாள் தையல்காரி வீட்டுக்கு வந்து, கல்யாண உடைக்குக் கோனாடுவின் இடுப்பை அளந்துகொண்டிருந்தபோதே மணப்பெண் துவண்டு சரிந்தாள். அவள் கைப்பையிலிருந்து அஃப்ரியேவின் மாத்திரை அட்டைகள் விழுந்தன.

"அடிப்பாவி, எத்தன முழுங்கின?"

"தினம் நாலஞ்சு... இதத் தின்னுதானே நீங்க இப்படிச் சதை போட்டீங்க? குமாசி ஊரே கூடி நிக்கிற கல்யாணத்துல நான் மட்டும் குச்சியா நிக்கணுமா?"

ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸி பிடிக்கத் தையல்காரி ஓடினாள். அஃப்ரியே அருவருப்பை விழுங்கிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட கோப்பையில் தண்ணீர் நீட்டினாள்.

கோனாடு அதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இது உங்க கோப்பையாச்சே. வேற இல்லையா அண்ணி?"