சிவப்பு வடிதட்டு

"என் சிவப்பு வடிதட்டு எங்கேடா?"

அந்த வீட்டில் கொஞ்ச நாளாகவே விடிந்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்பவர் அம்மா. சமையல்கட்டு அவருடைய ராஜ்ஜியம். மாட்டிக்கொண்டு முழிப்பவன் அவருடைய ஒரே மகன், லிஃப்ட் மெக்கானிக்.

"பால்கனியில இருக்கும்மா" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

பால்கனியைப் போய்ப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். காய் அலச வாங்கிய ஓட்டைத் தட்டு பச்சை, நீலம், மஞ்சள் என்று ஒன்று பாக்கியில்லை. எல்லாவற்றிலும் மண்ணைக் கொட்டி, தட்டுக்கு ஒரு குட்டி மரம். கேட்டால் போன்சாயாம். முழங்கை உயரம்கூட இல்லை. நடுவில் அந்தச் சிவப்புத் தட்டில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு அத்திமரம் உட்கார்ந்திருந்தது.

நியாயத்தைச் சொல்ல வேண்டும், அந்தம்மா கோபத்தில் தப்பே இல்லை. உருளைக்கிழங்கை வேகவைத்து, வடிதட்டு இல்லாமல் மூடியைச் சாய்த்துத் தண்ணீரை வடிக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர் அவர்.

"ஊர்ல எல்லாரும் தொட்டியிலதானே மரம் வைக்கிறாங்க? உனக்கு மட்டும் என்னடா கேடு?"

மகன் பாடம் ஒப்பிக்க ஆரம்பித்தான். தொட்டியில் வைத்தால் வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றி வளருமாம். ஓட்டைத் தட்டு என்றால் நுனி வேர் வெளியே எட்டிப் பார்த்ததும் காற்றுப் பட்டுக் காய்ந்துவிடுமாம். காய்ந்தால்... காய்ந்தால்... அவனுக்கு மறந்துவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் ஞாபகம் வந்துவிட்டது. காய்ந்தால் உள்ளே புதுசு புதுசாக வேர் கிளைத்து, அடிமரம் சீக்கிரம் தடிக்குமாம்.

"உன் மண்டைதான் தடிச்சுப் போச்சு" என்றார் அம்மா. "ஞாயித்துக்கிழமை குப்பை வண்டி வரும். அதுக்குள்ள அந்தச் சிவப்புத் தட்டு கழுவித் துடைச்சு என் கைக்கு வரணும். இல்லேன்னா மரம் மட்டை எல்லாத்தையும் வண்டியில ஏத்திடுவேன்."

மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அதிர்ந்து பேசமாட்டாள். அன்றும் தலையை நிமிர்த்தாமல் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் போனதும் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்னு சொல்லிடறேங்க."

"சும்மா இரு. என்னைத் திட்டினா பத்து நிமிஷத்துல மறந்துட்டு சாப்பிட வாடாம்பாங்க. உன்மேல கோபம் வந்துச்சுன்னா அது லேசுல தீராது."

ஆமாம், விஷயம் அதுதான். மரமெல்லாம் மருமகளுடையது. தட்டைத் தூக்கியதும் அவள்தான். பழி மட்டும் இவன் தலையில். அந்த அத்தி, கல்யாணமான புதுசில் அவள் குச்சியாக நட்டது. புது வீட்டில் வாய்விட்டுப் பேச ஆளில்லாமல் தவித்த நாட்களில் அதோடுதான் பேசிக்கொண்டிருப்பாள். அதுதான் இப்போது குப்பைக்குப் போகப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா பால்கனியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ம், எடு. என் கண் முன்னாடியே எடு."

மகன் தட்டைத் தூக்கிப் பார்த்தான். வேரெல்லாம் ஓட்டைக்கு ஓட்டை நுழைந்து பின்னிக்கொண்டிருந்தது. இழுத்தான், வரவில்லை. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டை இறக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு இறக்குவான். இது அவன் ஜாதகத்திலேயே இல்லாத வேலை. தெருமுனையில் குப்பை வண்டிச் சத்தம் கேட்டதும் பதற்றத்தில் கத்தரிக்கோலை எடுத்து, இருப்பதிலேயே தடியான வேராகப் பார்த்து வைத்தான்.

"ஐயோ, அது வேண்டாங்க. அதை வெட்டினா மரமே போயிடும். தட்டை வெட்டுங்க, வேரைத் தொடாதீங்க."

மருமகள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் மாமியார் எதிரே இருப்பது உறைத்தது.

"மரம் என்னோடது அத்தை. தட்டை எடுத்ததும் நான்தான்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அம்மா எழுந்து உள்ளே போனார். தொலைந்தது கதை என்று இரண்டு பேரும் நின்றார்கள்.

திரும்பி வந்தவர் கையில் கடைக்கட்டுகூட அவிழ்க்காத ஒரு அடுக்கு வடிதட்டு. எல்லாம் பெரிய பெரிய ஓட்டை.

"இதுல கீரை அலசினா கீரையெல்லாம் கீழ போயிடும்னு கடைக்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். வேர் வெளிய வந்தாப் போதும், நீ கட்டுப்பான்னுட்டேன்."

மகனுக்குத் திறந்த வாய் மூடவில்லை. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பள்ளிக்கூடத்துல பயறு முளைக்க வைன்னா அதையே அழுக விட்டவன் நீ. நீ மரம் வளர்க்கிறேன்னா நான் நம்பிடுவேனா? நீ வெளியூர் வேலைக்குப் போனப்பல்லாம் அதுக்கு யாருடா தண்ணி ஊத்தினா?" மருமகள் பக்கம் திரும்பினார். "அத்தை, இதை எடுத்துக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேப்பியான்னு நானும் காத்துக் காத்துப் பார்த்தேன். நீ வாயைத் திறக்குற வழியைக் காணோம்."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மகனுக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் தினம் என்னைத் திட்டினியா?"

அம்மா அவன் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கி மருமகளிடம் கொடுத்தார்.

"தட்டு போன வயித்தெரிச்சலுக்கு யாரையாவது திட்டணுமேடா. அவளைத் திட்டினா மாமியார் கொடுமைம்பாங்க. உன்னைத் திட்டினா யாரு கேக்கப் போறா?"